பதினேழாம் இழுப்பறை

நல்ல பஞ்சு இப்போதெல்லாம் கிடைப்பதில்லை. கடையில் விற்பது இரண்டே மழைக்காலத்தில் மஞ்சளாகிவிடுகிறது. பறவை ஆய்வாளர் சங்கத்தின் மாதிரி அறையை இருபத்தாறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். செத்த பறவையின் தோலைப் பதப்படுத்தி, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி, இழுப்பறையில் படுக்க வைப்பது என் வேலை.

வெண்புருவ நாணல்குருவி என்ற இனம் அடியோடு அழிந்துவிட்டது என்று நிறுவியவனும் நான்தான். ஒன்பது வருடம் சேற்றில் நடந்து எழுதிய கட்டுரை. அதற்குத்தான் சங்கம் பதக்கம் தந்தது. இன்று என்னை விசாரிக்கும் உங்களில் இரண்டு பேர் அன்று எழுந்து நின்று கைதட்டினீர்கள்.

என் மனைவியின் தம்பியும் சங்க உறுப்பினன். நாணலுக்குள் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பான் என்பதால் அவனுக்குக் கொக்கு என்று பெயர். போன வருடம் ஒரு காலையில் சேற்றுக் காலோடு எங்கள் சமையலறைக்குள் வந்து நின்றான்.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. உங்க குருவி உயிரோட இருக்கு. ஜோடியா."

"போட்டோ இருக்கா மாப்ள?"

"படத்துல நாணல்தான் விழுந்திருக்கு. எனக்குன்னு அது போஸ் குடுக்குமா?"

"அப்ப ரெண்டாவது சாட்சி வேணும்."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நான் சொன்னா உளறாதே கொக்குன்னுவாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

சங்க விதி அது. படமில்லாத அபூர்வப் பதிவுக்கு இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் சேர்ந்து போவதாகப் பேச்சு. இடத்தைத் துல்லியமாகக் கேட்டுக்கொண்டு, அன்று மாலையே நான் தனியாகப் போனேன்.

மெல்லிய வலை கட்டினேன். பத்தாவது நிமிடத்தில் பெண் பறவை சிக்கியது. நெஞ்சின் இருபுறமும் விரல் வைத்து அழுத்தினால் அரை நிமிடம்தான், இறகு கலையாது. ஆண் பறவை பறந்து போய்விடவில்லை. துணையைக் கூப்பிட்டுக்கொண்டே அதே வலைக்கு வந்தது. எனக்கு வேலை சுலபமாயிற்று.

மறுநாள் கொக்கோடு போய் ஐந்து மணிநேரம் நின்றேன். 'பறவை காணப்படவில்லை' என்று அறிக்கை எழுதினேன். அக்காள் புருஷனின் பதக்கத்தைப் பார்த்து இவனுக்கு வயிற்றெரிச்சல் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். ஆண்டுக் கூட்டத்தில் அவன் நாற்காலியில் யாரோ ரப்பர் குருவி வைத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஆனால் விடவில்லை. தன் பெயரை மீட்க அந்தப் பறவையைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. ஏழு மாதம், வாரம் தவறாமல் அந்தச் சதுப்புக்குப் போனான். வெள்ளம் வந்த வாரமும் கிளம்பினான்.

"நீங்களாவது போக வேண்டாம்னு சொல்லுங்களேன்" என்றாள் என் மனைவி.

நான் என்னுடைய நீளமான ரப்பர் பூட்ஸைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நாணலுக்குள் அவனைக் கண்டெடுத்தபோது, அது காலிலேயே இருந்தது. உள்ளே தண்ணீர் நிறைந்திருந்ததாகச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து விடியற்காலையில் அந்த ஆண் பறவை கூப்பிடுகிறது. சமையலறைப் பக்கமிருந்து. மனைவியைக் கேட்டால், "ஒண்ணும் கேக்கலையே" என்கிறாள். சில நாள் அந்தக் குரல் 'அத்தான்' என்று முடிகிறது. தேதி, நேரம், திசை எல்லாம் குறித்திருக்கிறேன். இதுவரை நாற்பத்தொரு முறை. கேட்டவன் நான் ஒருவனே என்பதால் பதிவாக ஏற்க முடியாது.

அந்த ஜோடியின் சீட்டில் ஏதாவது பழைய தேதி போட்டிருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டீர்கள். போட நினைத்தேன், கை வரவில்லை. மாதிரிச் சீட்டில் ஒரு பொய் ஏறினால் நூறு வருட ஆராய்ச்சி கெட்டுப்போகும். பதினேழாம் இழுப்பறையை மறுபடி திறந்து படித்துப் பாருங்கள். பிடித்த தேதி, இடம், எடை, பிடித்தவர் பெயர், எல்லாம் சரியாக இருக்கும். பெண் பறவையின் சீட்டில் 'வயிற்றில் ஓடு கட்டிய முட்டை ஒன்று' என்பதைக்கூட விட்டுவிடவில்லை.

நான் பொய் எழுதுகிறவன் இல்லை.