‘தூக்கிடு’ என்ற சொல்லுக்கு மேஸ்திரியின் விளக்கம்

தண்ணீர் லாரி வருகிறதோ இல்லையோ, தான் மட்டும் தவறாமல் வந்துவிடும் இந்த ராயபுரம் தெரு நலச் சங்கத்தின் தலைவர் அம்புரோஸ் அண்ணன் அவர்களே, தூக்கிக் கட்டிய முன்னறையை மந்திரித்து மகிழ்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பிரியாணி அண்டா திறக்கும்வரை பொறுமை காக்கும் பெரியோர்களே, பொறுமை காக்காத தாய்மார்களே, ஒரே விசிலுக்கு நாற்பது ஜாக்கிகளைத் திருப்பிய என் தோழர்களே, நான் என்ன உளறப்போகிறேனோ என்று முன்வரிசையில் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் வீட்டுக்காரர் சாலமன் அவர்களே, அனைவருக்கும் காலடிப்பேட்டை மேஸ்திரி பச்சையம்மாவின் வணக்கம்.

செங்கல் சுமந்த தலை இது. மைக் பிடித்த கை அல்ல. ஆனாலும் திருவொற்றியூர் தேரடிக் கூட்டங்களில் தரையில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டு வளர்ந்தவள். அடுக்குமொழி கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரது அங்கே கைதட்டுவது? இன்னும் ஆரம்பிக்கவே இல்லை நைனா.

இது ஒரு வீடா? இல்லை, மூன்று வீடு. முன்னறை வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், சுண்ணாம்புச் சுவர், ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். நடுக்கூடம் சாலமனின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் போட்டது. மொசைக் தரை, மயில் வைத்த ஜன்னல் கிரில். பின்கட்டு சாலமனே கட்டியது. வழவழவென்று டைல்ஸ், ஈரக்காலோடு போனால் நேரே ஆஸ்பத்திரி. மூன்று காலம், மூன்று குணம், மூன்று மட்டம். வீடா தாழ்ந்தது? ரோடு உயர்ந்தது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார், புதுத் தார் மேல் இன்னொரு தார். கடைசியில் முன்னறை ரோட்டுக்கு மூன்றடி கீழே போய்விட்டது.

அந்த அறையில்தான் சாலமனின் தங்கை ஆலிஸ் தையல் மிஷின் போட்டிருக்கிறாள். இந்த வட்டாரத்தில் புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கிய எத்தனை பிள்ளைகள் அவள் தைத்த வெள்ளைக் கவுனில் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்? தெருவைப் பார்த்த ஜன்னல், காலை வெளிச்சம், வாசலிலேயே வாடிக்கை. அந்த அறை போனால் அவள் பிழைப்பும் போயிற்று.

கப்பலில் வேலை பார்க்கும் சாலமன் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். அப்படியே ஒப்பிக்கிறேன். “மேஸ்திரிம்மா, மின்னாடி ரூமு ரொம்ப பேஜாரா கீது. மழ வந்தா தண்ணி பூந்துகினே கீது. அத்த தூக்கிடு. ரோட்டுக்கு சமமா பண்ணிடு.”

தூக்கிடு. தமிழில் எத்தனை தூக்கு? ஆளை வேலையை விட்டுத் தூக்குவதும் தூக்குதான், விழுந்த பிள்ளையைத் தூக்குவதும் தூக்குதான். என் தொழிலில் ஒரே தூக்கு. சுவருக்கு அடியில் ஜாக்கி வைத்து வீட்டை மேலே ஏற்றுவது.

ஆலிஸிடம் போய், அறையில் வேலை தொடங்கப்போகிறது என்றேன். அவளுக்கும் அண்ணனிடமிருந்து சேதி வந்திருந்தது. முகம் வெளுத்திருந்தாள், அண்ணனை எதிர்த்துப் பேசாத பெண். “மிஷின எங்க வெக்கிறது, அக்கா?” என்றாள்.

“இருக்கற எடத்துலயே இருக்கட்டும். நீ பாட்டுக்கு தைச்சிகினு இரு.”

தைத்தாள். நான் விசில் ஊதினேன், ஜாக்கிகள் திரும்பின. விசில், திருப்பு. விசில், திருப்பு. ஒரு விசிலுக்கு ஒரு நூல் உயரம். எட்டு நூல் சேர்ந்தால்தான் ஓர் அங்குலம். அவள் ஊசியிலும் நூல், என் சுவரிலும் நூல். அறை ஏறியது, ஆலிஸ் ஏறினாள், கவுன் ஏறியது, சுவரிலிருந்த மாதா படம் அசையவில்லை. ரோட்டுக்குச் சமம் என்றார். கை தவறி இரண்டடி கூடிப்போயிற்று. ஜன்னல் வழியே தெருவை அண்ணாந்து பார்த்தவள் இப்போது குனிந்து பார்க்கிறாள்.

சாலமன் வந்து இறங்கியது எந்த நாள்? அடைமழை நாள். பெட்டியைத் தலையில் வைத்து முழங்கால் தண்ணீரில் வந்தார். நடுக்கூடத்தில் தண்ணீர், பின்கட்டில் தண்ணீர். “நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்ணிகீற? இடிக்கச் சொன்னா ஏத்தி வெச்சிகீற. காரு எங்க உடுறது?” என்று என்மேல் பாய்ந்தார். எங்கே நின்று பாய்ந்தார்? வீட்டில் உலர்ந்த இடம் அது ஒன்றுதானே. இடிக்கச் சொன்ன அறையில் நின்று, ஆலிஸ் கொடுத்த காய்ந்த லுங்கியைக் கட்டி, சுடச்சுட டீயைக் குடித்துக்கொண்டே அந்த அறையைத் திட்டினார்.

பாவம் பச்சையம்மா, சொன்னது புரியாமல் செய்துவிட்டாள் என்று ஊரே பேசுகிறது. நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பங்குத்தந்தை எதிரில் இருக்கும்போது பொய் எதற்கு? நான் இந்துப் பெண்தான், ஆனாலும் ஒரு பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறேன். சாலமன் அவர்களே, இரண்டாவதாக ஒரு குரல் அனுப்பினீர்களே, ‘அங்க காரு நிக்கணும்’ என்று? வரவே இல்லை என்று சாதித்தேனே? வந்தது. கேட்டேன். கேட்ட பிறகுதான் ஜாக்கிக்குச் சொல்லி அனுப்பினேன். எனக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

ஏன் செய்தேன்? பழசு என்றா? பழசு எத்தனையோ இடித்தவள் நான். காலியான அறை என்றால் இதையும் இடித்திருப்பேன். உள்ளே ஒருத்தி உட்கார்ந்து உழைக்கிறாள். உழைக்கிறவள் தலைக்கு மேல் கடப்பாரை ஓங்க எனக்குக் கை வருமா? உங்களுக்கு வருமா? இந்தத் தெருவில் யாருக்காவது வருமா?

சிரிக்காதீர்கள், சாலமன் எழுந்து நிற்கிறார். நேற்று அவரிடமிருந்து மூன்றாவது குரல் வந்தது. ‘நடு ஹாலையும் தூக்கிடு மேஸ்திரிம்மா.’ இத்தனை பேர் சாட்சியாகக் கேட்கிறேன், எந்தத் தூக்கு?

மேலே தூக்கச் சொல்கிறார். இன்னும் உரக்கச் சொல்லுங்கள், ஆலிஸ் ஜன்னலில் நிற்கிறாள், அவளுக்குக் கேட்க வேண்டும்.

கேட்டுவிட்டது, சிரிக்கிறாள். விசில் என் மடியிலேயே இருக்கிறது. நாளைக் காலை ஊதுகிறேன். அண்டாவும் திறந்தாயிற்று. இடம் தந்த தலைவருக்கும் காது தந்த உங்களுக்கும் நன்றி சொல்லி, நாற்பது ஜாக்கிகளின் சார்பில் கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.