கரிக்கிற காப்பி

அதை ஏன் கேக்குற முத்து, கீழக்கரை பஸ்ஸுல எனக்கு முன் சீட்டுல ரெண்டு பொம்பளைக. ஒருத்தி ரஹ்மத்து, இன்னொருத்தி செல்வி. ஒருத்தி வீட்டுல ஒருத்தி காப்பி குடிக்கிற சிநேகிதம். காதை மட்டும் நீட்டிக்கிட்டு இருந்தேன்.

"எங்கூட்டுக் காப்பி எனக்கே எறங்க மாட்டேங்குது செல்வி"ன்னா ரஹ்மத்து. "பில்டர்ல எறக்குனேன், துணியில வடிகட்டுனேன். மவன் துபாயில இருந்து கண்ணாடியில அமுக்குற சாமான் கொண்டாந்தான், அதுலயும் போட்டேன். எல்லாம் கரிக்குது. நாளைக்கு மவளைப் பாக்க மாப்பிள்ளை வீட்டாளுக வாராக."

"எந்தத் தண்ணிடி ஊத்துற?"

"போர்த் தண்ணிதான். கொதிக்கத்தான போவுது? நல்ல தண்ணியைக் குடிக்கதுக்குல்ல வச்சிருக்கேன்!"

"அடி கூறுகெட்டவளே, கொதிச்சா உப்பு எந்திரிச்சு ஓடிருமா? நானும் மூணு வருசமா துபாய்ப் பக்குவம் போலன்னு குடிச்சுத் தொலைக்கேன்!"

"அல்லாவே! சொல்லியிருக்கலாம்லடி?"

"சொன்னா நீ கூப்புடாம விட்டுட்டீன்னா?"

பஸ்ஸே சிரிச்சுச்சு. நானுந்தான் பெரிய இவ மாதிரி சிரிச்சேன். எறங்கி நடக்கும்போதுதான் ஒறைச்சுச்சு. நானும் போர்த் தண்ணியிலதான காப்பி போடுறேன்! நீயும் தெனம் எங்கூட்டுக்கு வந்து, நெஞ்செரிச்சலுன்னு பாதி டம்ளரை வச்சுட்டுப் போவியே...

ஏன்த்தா தலையைக் குனியுற?

இரு, தண்ணி வண்டி ஆரன் கேக்குது. அந்தக் குடத்தை எடு. இன்னைக்கு ஒரு குடம் காப்பிக்கு.