காற்றுப் புகாத பை

நான் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், டீயைக் கொஞ்சம் கூடுதலாகவே வரவழைத்துக்கொள்ளுங்கள் ஐயா. எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. பைக்குள் இருக்கிற காற்றை இழுத்து, வாயை ஒட்டி மூடுவது. "நீங்க வந்து உக்காந்தா நாங்க பேசிட்டிருக்கிற பேச்சுக்கும் அதேதாங்க நடக்குது" என்பாள் என் மனைவி.

சமைத்த உணவைப் பையில் அடைத்து, தனியாக வாழ்கிறவர்களுக்கு விற்கிற சின்னக் கூடம் எங்களுடையது. சமையல் என் மனைவியின் அண்ணன். வேக்குவம் மெஷின் நான். மெஷினில் நான் என்று சொல்ல வேண்டும், நாக்கு அப்படிப் பழகிவிட்டது. பையின் வாயைச் சுருக்கமில்லாமல் நீவிக் கம்பிமேல் வைத்து, மூடியை அழுத்தினால் பம்ப் காற்றை இழுக்கும். பை உணவோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கம்பி சூடாகி வாயை உருக்கி மூடும். விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தால்கூட ஒட்டாது. அந்தச் சொட்டைத் துடைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெரிய கலை ஒன்றுமில்லைதான். ஆனாலும் ஒரு மனிதனுக்கு எதிலாவது மிஞ்ச ஆளில்லாமல் இருக்க வேண்டாமா?

காற்று இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்காது, உணவு சீக்கிரம் கெடாது. எல்லாருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். காற்றே ஆகாத கிருமியும் உண்டு. ஃப்ரிட்ஜில் வைத்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். வெளியே விட்டால் சத்தமில்லாமல் வளர்ந்து உணவை விஷமாக்கிவிடும், நாற்றமும் காட்டாது. இதை மச்சானுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். நான் தொண்டையைச் செருமும்போதே அவர் வெங்காயம் நறுக்கப் போய்விடுவார். நின்று கேட்டிருந்தால் அவருக்கு நல்லது.

மச்சான் தங்கமான மனிதர், எல்லாரையும் சிரிக்கவைப்பார். ஒருநாள் கூடத்தில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னார்:

"புது மெஷின் வருது மாப்ள. பைய வெச்சாப் போதும், அதுவே துடைச்சு அதுவே மூடிக்கும். நீங்க இனிமே வாசல்ல உக்காந்து வர்றவங்களப் பாத்துச் சிரிங்க. இப்ப மட்டும் என்ன, பட்டன அமுக்குற வேலைதான?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்ததாக ஞாபகம். உள்ளே பற்றி எரிந்தது.

அப்போதும் கொல்ல நினைக்கவில்லை. ஒரே ஒரு பை கெட்டு உப்ப வேண்டும், அதை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, பட்டனை அமுக்குவது மட்டும் வேலையில்லை என்று புரியவைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மச்சான் சமைத்த காளானில் ஒரு பையை எடுத்து, பம்பின் சூடு படுகிற மூலையில் ஒளித்துவைத்தேன். சில நாளில் அது கோபித்துக்கொண்ட குழந்தையின் கன்னம்போல உப்பியது. கையில் எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். "மாப்ள பேச்சு மாதிரியே இருக்கு, உள்ள வெறும் காத்து" என்று மச்சான் சொல்லப்போவது எனக்கு அப்போதே கேட்டது. அவர் சொன்னால் சிரிக்காமலா இருப்பார்கள்?

அதனால் திரும்பி வந்தேன். பையை வெட்டிக் காற்றைப் போகவிட்டு, காளானைப் புதுப் பைக்கு மாற்றி, விளிம்பைத் துடைத்து மூடினேன். நான் போட்ட சீல்களிலேயே அழகானது அதுதான்.

மச்சானுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சமையலிலும் ஒரு பையைத் தனித் தட்டில் வைத்திருந்து, பிறகு வெட்டி, சூடு பண்ணாமலே ருசி பார்ப்பார். "சூடா இருந்தா எதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆறிப்போயும் நல்லா இருக்கணும்" என்பார். அந்தப் புதுப் பை எப்படியோ அந்தத் தட்டுக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, என் கைதான் வைத்தது.

வழித்துச் சாப்பிட்டார். "அருமை மாப்ள" என்றார். சமைத்ததைச் சொன்னாரா, மூடியதைச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் குழப்பம். கரண்டியை நான்தான் கழுவிவைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு இமை தூக்க முடியவில்லை, நாக்கு குழறியது. அப்போதும் விடவில்லை. "ரெண்டு ரெண்டாத் தெரியிறீங்க மாப்ள. ஒருத்தரையே தாங்க முடியல" என்றார். டாக்டர் எங்கள் பக்கம் திரும்பி, "என்ன சாப்பிட்டாரு? சீக்கிரம் தெரிஞ்சா இதுக்கு மருந்து இருக்கு" என்றார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடவே இருந்தீங்களே, யோசிச்சுச் சொல்லுங்க." வாழ்க்கையில் முதல்முறையாக எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக நிறுத்தத் தெரியாத வாய் அது.

"தெரியலையே" என்றேன்.

மூச்சுவிட முடியாமலே போய்ச்சேர்ந்தார். நான் அழுதேன். அந்த அழுகையில் பொய்யில்லை, வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள்.

குப்பையில் காலிப் பையைக் கண்டெடுத்தவர் நீங்கள்தான். "சீல் சரியில்ல, காத்து புகுந்து கெட்டுப்போயிருக்கு. இனிமேலாவது கவனமா இரு" என்று கடிந்து, நேற்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். வழியெல்லாம் என் மனைவி என்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். அண்ணனைப் பறிகொடுத்தவள் என்னைத் தேற்றினாள். "வேணும்னேவா பண்ணீங்க? உங்களுக்குச் சரியா மூடத் தெரியல, அவ்வளவுதான. விடுங்க."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசாட்சி உறுத்துகிறது ஐயா. அதனால்தான் யாரும் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காற்றுக் கசிந்திருந்தால் முதல் பை உப்பியே இருக்காது. காற்றுப் புகுந்திருந்தால் அந்தக் கிருமி வளர்ந்தே இருக்காது, மச்சான் இந்நேரம் யாரையாவது கேலி செய்துகொண்டிருப்பார். இரண்டு பையையும் மூடியது நான். தெரிந்தே கொடுத்ததும், தெரிந்தே வாயை மூடிக்கொண்டதும் நான். மச்சானைக் கொன்றேன் என்று எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சீல் சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள்.