இடதுபக்கப் பெட்டி

உங்கள் மேசை மின்விசிறி உதறுகிறது, ஐயா. அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடும். எந்தச் சத்தமும் அப்படித்தான். எங்கே ஆட்டம் இருக்கிறது என்று பார்த்து, அங்கே தோதாக எதையாவது வைத்தால் அடங்கிவிடும். நான் செய்ததும் அவ்வளவுதான்.

நான் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. அப்பா சிமெண்ட் மூட்டை இறக்கினார், நானும் இறக்கினேன். பாட்டுக் குழுவின் ஸ்பீக்கர் பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கப் போனவன், அப்படியே அங்கே சவுண்டு பார்க்கிறவன் ஆகிவிட்டேன்.

அரங்கத்துக்குள் கச்சேரி என்றால் கவலை இல்லை. சுவர் இருக்கும், கூரை இருக்கும், பேஸ் என்கிற அடிச்சத்தம் எங்கேயும் ஓடாது. மைதானத்தில் கதையே வேறு. பாடகர் குரல் காதுக்கு வந்து சேரும். பேஸ் மட்டும் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி போன திசை தெரியாது. ஆட வந்தவன் நெஞ்சில் அது இடிக்க வேண்டும். இடிக்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அப்படி நிற்கிற கூட்டத்தைக் கண்டால் எங்கள் பாடகருக்குப் பாட்டு வராது. உடனே என் பக்கம் திரும்புவார்.

"என்னய்யா இது, தகர டப்பாவைத் தட்டுற மாதிரி இருக்கு?" என்பார், மைக்கை மூடாமலே.

மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பேஸ் பெட்டிகள். தரையில் இறக்கி வைத்தேன், மேடையை ஒட்டித் தள்ளினேன், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தும் பார்த்தேன். இடதுபக்கப் பெட்டிக்கு மட்டும் சீக்கு தீரவில்லை. உள்ளே ஏதோ பலகை ஆடிக் கொடகொடவென்றது.

அதைப் பார்க்கச் சொல்லி என் மச்சினனை உள்ளே அனுப்பினேன். மனைவியின் தம்பி. குழுவில் ஒயர் சுற்றுகிற வேலை. நல்ல சதைப்பிடிப்பான ஆள். சுவரைக் கண்டால் சாய்வான், தரையைக் கண்டால் படுப்பான். பெட்டிக்குள் போனவன் அங்கேயே தூங்கிப்போனான். வெளியே வந்திருப்பான் என்று நினைத்துப் பின்பலகையை ஸ்க்ரூ போட்டு மூடிவிட்டேன்.

அன்றைக்குத்தான் பேஸ் என்றால் என்னவென்று எனக்கே தெரிந்தது. கேட்டவர்களின் வயிற்றைப் பிடித்துப் பிசைந்தது. பாடகர் மேடையிலிருந்தே என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எல்லாம் முடிந்து பலகையைக் கழற்றினால், உள்ளே மச்சினன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

"ஆரம்பிச்சுட்டாங்களா மாமா?" என்றான்.

நான் ஒன்றும் அநியாயக்காரன் இல்லை, ஐயா. ஆளில்லாமல் அதே சத்தத்தை எடுக்கப் பார்த்தேன். மணல் மூட்டை வைத்தேன், பேஸ் செத்துவிட்டது. மெத்தையைச் சுருட்டி வைத்தேன். மூக்கடைத்தவன் பேசுவது போல இருந்தது. தண்ணீர்க் கேன் வைத்தேன். அது தளும்பிப் பாட்டுக்குப் பாட்டு ஒத்து ஊதியது. மச்சினன்தான் சரியான பதம். எலும்பில் கெட்டி, சதையில் மெத்து. அப்படி ஒரு சரக்கு கடையில் கிடைக்காது.

அவனுக்கும் சம்மதம்தான். பெட்டியின் முகப்பில் காற்று போய்வர ஒரு துவாரம் உண்டு. வாயை அங்கே வைத்துக்கொள்வான். ஒயர் சுற்றுவதற்கு இது எவ்வளவோ மேல் என்றான். கொஞ்ச நாளில் காது மந்தமானது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்பும் திரும்பமாட்டான் என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. மனைவி மட்டும் ஒருநாள் கேட்டாள்:

"என் தம்பி ஏங்க டிவியை இப்படி அலற விடுறான்?"

"உங்க வீட்டு ஆளுங்க எல்லாருமே அப்படித்தானே" என்றேன். பேச்சு அவள் அப்பாவின் பக்கம் போய்விட்டது.

போன சனிக்கிழமை ஆற்றோரத் திடலில் கச்சேரி. எதிர்க்காற்று. பேஸுக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. மச்சினன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

"மாமா, இன்னிக்கு வேணாம். சளி புடிச்சிருக்கு. உள்ள மூச்சு முட்டும்."

"நாலு பாட்டுதான்டா. பாடகர் மூஞ்சியப் பாரு, இப்பவே எப்படி இருக்கு" என்று அவன் காதோரம் கத்தினேன்.

"அக்காகிட்ட சொல்லிருவேன்."

"சொல்லு. மொதல்ல உள்ள போ."

போனான். சொன்ன பேச்சைத் தட்டமாட்டான். ஸ்க்ரூவெல்லாம் நான்தான் முறுக்கினேன்.

முதல் பாட்டில் பேஸ் வந்தது, ஆனால் தொளதொளவென்று வந்தது. அந்தத் துவாரத்தை அடைத்தால் பேஸ் இறுகும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். லாரியில் பெட்டிகள் உரசாமல் இருக்கப் போடுகிற போர்வையை மடித்துத் திணித்தேன். உள்ளேயிருந்து ஒரு கை அதை வெளியே தள்ளியது. நான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் திணித்தேன்.

சத்தம் கச்சிதமாக இறுகியது. கூட்டம் குதித்தது. பெட்டிக்குள் தட்டுகிற ஓசை வந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஒவ்வொரு தட்டும் டிரம்மோடு பொருந்தி விழுந்தது. ஒரு ஒயரை ஒழுங்காகச் சுற்றத் தெரியாதவனுக்கு இப்படி ஒரு ஞானமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பேஸை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

கடைசிப் பாட்டில்தான் ஒரு குறை. குரலும் கிதாரும் மட்டும் மெதுவாகப் போகிற பாட்டு அது. நடுநடுவே கண்ட இடத்தில் டப், டப் என்று அடி விழுந்தது. இறங்கி வந்த டிரம்மரைப் பிடித்துக்கொண்டேன்.

"குடிச்சிருக்கியா? தாளம் எங்கயோ போவுது?"

"அந்தப் பாட்டுல எனக்கு வேலையே இல்லண்ணே. குச்சியக் கீழ வச்சுட்டுல்ல உக்காந்திருந்தேன்."

எதிர்த்துப் பேசுகிறானே என்று இன்னும் நாலு வார்த்தை திட்டினேன். அன்று ஒயரையெல்லாம் நானே சுற்ற வேண்டியிருந்தது. சுற்றி முடித்த பிறகுதான் பலகையைக் கழற்றினேன். மச்சினன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது கேட்காதவனாயிற்றே என்று தோளைத் தொட்டு, "முடிஞ்சிருச்சுடா" என்றேன். அப்படியே என்மேல் சாய்ந்தான். சாய்வது அவன் வழக்கம்தான்.

ஆளை உள்ளே அனுப்பியது நான். மூடியது நான். போர்வையைத் திணித்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள், ஐயா. அவன் தட்டியது எனக்குக் கேட்டது. ஒரே ஒரு இடத்தில் தாளம் தப்பியிருந்தால்கூட, பாட்டை நிறுத்திவிட்டுத் திறந்திருப்பேன்.