இன்னும் கொஞ்சம் வறட்சியாக

புரொபசர் முதன்முதலாக வந்த அன்றைக்குச் சாணைக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: கூடத்து மேஸ்திரியான நான், ஒலிந்தோ. என் மகள் எல்டா. அவளுடைய ஞானத்தாய் ஸான்ஸே. கிழவன் மொமொலோ. உள்ளே கால் வைக்காமல் வாசற்படியில் நின்ற உலைக்கூடத்து மாஸ்டர் கஸ்தோனே. மிலானிலிருந்து வந்திருந்த புரொபசர் அரிகோனி. ஜன்னல் விளிம்பில் ஒரு கறுப்புப் பூனை.

மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. வெங்காயமும் காடியும் சேர்த்து ஊறவைத்த மத்தி மீன், மக்காச்சோளக் களி. ஸான்ஸே கொண்டுவந்தது. வெங்காயம் கொஞ்சம் கருகியிருந்தது. அதை அவளிடம் சொன்னேன். என் ஆட்களிடம் நான் கடுமையாகப் பேசியது அந்த அளவுக்குத்தான். இதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் யாரையும் அதட்டி வேலை வாங்கியவன் இல்லை.

நீங்கள் வெனிஸ்காரர், கண்ணாடியைக் கடையில் பார்த்திருப்பீர்கள். ஊதி முடித்த ஜாடியை இரும்புக் கோலிலிருந்து தட்டி எடுக்கும்போது அடியில் ஒரு வடு நிற்கும். அந்த வடுவை மணற்கல் சக்கரத்தில் தேய்த்துச் சமன் செய்வது எங்கள் வேலை. அதற்கு மேல் எங்களுக்குக் கண்ணாடியில் பாத்தியதை கிடையாது. எங்கள் முரானோத் தீவில் ஊதுகிறவன் ராஜா. நாங்கள் முற்றத்துக்குப் பின்னால், ஈரத்தில். கஸ்தோனே வாய் ஓயாமல் சொல்வான்:

“பெத்துப் போடுறது நாங்க. குண்டி கழுவி விடுறது நீங்க. அத மறந்துடாத ஒலிந்தோ.”

மொமொலோ விடமாட்டான். “கழுவாம விட்டா உன் புள்ளைய எவன்டா மடியில தூக்கி வைப்பான்?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் அப்பாவும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து அதே கேலிக்குச் சிரித்தவர்தான்.

போர் முடிந்தபின் எங்கள் சரக்கை வாங்க ஆளில்லை. டால்பின் கைப்பிடி, ரோஜா இதழ், தங்கத்தூள் தெளித்த கூஜா. உலையை அவித்துவிடலாம் என்று முதலாளி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் புரொபசர் வந்தார். கட்டடம் வரைகிறவர். கண்ணாடியைத் தொட்டுப் பழக்கமில்லை. வந்த அன்றே கஸ்தோனேயின் மேஜைக்குப் போய், “இந்த வால எடுங்க. இந்தப் பூவையும் எடுங்க” என்றார்.

“எல்லாத்தையும் எடுத்துட்டா என்னதான் மிச்சம், புரொபசர்?”

“கண்ணாடி.”

அன்று மாலை முழுக்கக் கஸ்தோனே முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். ஆனால் ஊதினான். தடித்த சுவர், நேரான கழுத்து, புகை நிறம். அந்த ஜாடியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் புரொபசர் எங்கள் கூடத்துக்கு வந்தார். அப்படிப்பட்டவர்கள் யாரும் அதற்கு முன் அங்கே வந்ததில்லை. கட்டைவிரலால் அதன் உடம்பைத் தடவினார்.

“இந்தப் பளபளப்பு பொய் சொல்லுது” என்றார். “இத எடுக்க உங்களாலதான் முடியும். அடிய மட்டும் இல்ல, உடம்பு முழுக்க. ஆனா இன்னும் கொஞ்சம் வறட்சியா இருக்கணும். புரியுதா? வறட்சியா.”

புரிந்தது என்றேன். அவர் படகைப் பிடிக்கப் போய்விட்டார்.

எங்கள் ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலேயும் ஓட்டை போட்ட ஒரு தகர டப்பா தொங்கும். அதிலிருந்து கல்லின்மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் விரல்கள் ஆண்டு முழுவதும் ஊறிக் கிடக்கும். நாள் முழுக்க நனைகிறவனிடம் வந்து வறட்சி என்று சொன்னால் அவனுக்கு அதில் ஒரு பொருள்தான் உண்டு. நான் எழுந்து என் டப்பாவைக் கழற்றினேன். பிறகு மற்ற மூன்றையும் கழற்றச் சொன்னேன்.

“தண்ணி இல்லாம கல்லு கடிக்குமேடா” என்றான் மொமொலோ.

கடித்தது. கண்ணாடி சூடாகி விரிசல் விட்டது. பல ஜாடிகள் போயின. அழுத்தக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும், தொட்டு எடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தோம். ஒவ்வொரு தொடுதலும் ஒரு செதில். செதிலுக்குப் பக்கத்தில் செதில். முடிந்தபோது அந்த ஜாடி விடியற்காலைக் கடல்மேல் பனி நிற்பதுபோல நின்றது. வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை.

புரொபசர் திரும்பி வந்து அதை ஜன்னலில் வைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்து, ஐயா. கஸ்தோனே வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் நடந்தது எல்லாருக்கும் தெரியும். பூங்கா மண்டபத்தில் கண்காட்சி. ஸ்வீடனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள். கால்வாய்க்கு எதிர்ப்பக்கத்து உலைகளிலும் பூவும் வாலும் உதிர்ந்து, எல்லாரும் தடித்த சுவரும் மங்கிய தோலும் செய்யத் தொடங்கினார்கள். ஒரு மனிதர் இந்தத் தீவுக் கண்ணாடியின் போக்கையே திருப்பிவிட்டார். அந்தத் தோலுக்குப் புரொபசர் ஒரு பெயர் வைத்தார்: ‘ஒலிந்தோ’. உலைக்கூடத்தில் கஸ்தோனே தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது: “பச்சையில நாலு, ஒலிந்தோ போட்டு அனுப்பு.”

தூசியைப் பற்றிக் கேட்டீர்கள். தூசி இருந்தது. வெள்ளையாக, மாவு போல. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கரைக்காரன் எங்கள் முறையைப் பார்த்துவிடுவான் என்று மூடியே வைத்தோம். கறுப்புப் பூனை வெள்ளைப் பூனையாகிவிட்டது என்று ஸான்ஸே சிரித்தாள். பூனை அந்தக் குளிர்காலத்தில் போயிற்று. பூனைகள் போவது வழக்கம்தான். பிறகு மொமொலோ. அவனுக்கு வயதாகியிருந்தது. கடைசியில் பேச மூச்சில்லாமல், கையால் சைகை காட்டித்தான் என்னைக் கேலி செய்தான். பிறகு ஸான்ஸே. அவளுக்கு வயதாகவில்லை. படியேறும்போது பாதியில் உட்கார்ந்து, “ஏறுறவங்க ஏறுங்க, நான் இங்கேயே குடித்தனம் வச்சிக்கிறேன்” என்பாள். இருவரையும் படகில் சான் மிக்கேலே தீவுக்குக் கொண்டுபோனோம். எங்கள் கூடத்து ஜன்னலைத் துடைத்தால் அந்தக் கல்லறைத் தோட்டத்துச் சைப்ரஸ் மரங்கள் தெரியும்.

ஸான்ஸே படுத்திருந்தபோதே, எல்டாவையும் வைத்துக்கொண்டு மருத்துவர் என்னிடம் சொன்னார்: “கல்லுத் தூசி நெஞ்சுல இறங்கியிருக்கு. மறுபடி தண்ணிய வைங்க. இன்னைக்கே வைங்க.”

நான் அலட்சியம் செய்யவில்லை. அன்றே படகேறி, புரொபசர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். தண்ணீர் வைத்தால் அந்த வறட்சி போய்விடுமே, என்ன செய்வது என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

“தண்ணி இல்லாமலா தேய்க்கிறீங்க?” என்றார். “யார் சொன்னது?”

“நீங்கதான் சொன்னீங்க. வறட்சியா இருக்கணும்னு.”

சிரித்துவிட்டார். “அட, அது நாங்க பேசுற பேச்சு. ஒரு கோடு வறட்சியா இருக்கு, ஒரு கட்டடம் வறட்சியா இருக்குன்னு சொல்வோம். கொழுப்பில்லாம, சிங்காரமில்லாம இருக்கணும்னு அர்த்தம். தண்ணியப் பத்தி நான் எதுக்குச் சொல்லப் போறேன்?” பிறகு என் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர். “தாராளமா தண்ணி ஊத்திச் செய்ங்க. எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியப் போறதில்ல.”

திரும்பி வரும் படகில் நான் வெளியே நின்றுகொண்டு வந்தேன். நீங்கள் நியாயமான மனிதர், யோசித்துப் பாருங்கள். மொமொலோவின் மனைவியிடம் போய் என்ன சொல்வது? உன் புருஷன் ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதற்காகச் செத்தான் என்றா? கேட்டது அவன்கூட இல்லை, நான். ஸான்ஸே அப்போது உயிரோடு இருந்தாள். கட்டிலில் கிடந்தபடியே “புது ஜாடி எப்படி வந்திருக்கு?” என்று கேட்டாள். நன்றாக வந்திருக்கிறது என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். தண்ணீரை வைத்தால், அந்தச் சந்தோஷத்துக்கு என்ன பொருள்? வறட்டுச் சாணைதான் சிறந்தது என்றால் அவர்கள் ஒரு பெரிய காரியத்துக்காகப் போனவர்கள். இல்லையென்றால் அவர்கள் வெறுமனே போனவர்கள். அவர்களை வெறுமனே போகவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் புரொபசர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. டப்பாக்களை உலையில் போட்டு உருக்கிவிட்டேன்.

அதன்பின் கூடத்தில் நானும் எல்டாவும் மட்டும். புதிய ஆட்கள் வரவில்லை. ஊரில் பேச்சு இருந்தது. எனக்கும் இருமல் வந்தது. நான் என்னைத் தனியாக ஒதுக்கிக் காப்பாற்றிக்கொண்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

எல்டாவின் கை என் கையைவிட நல்ல கை. அடுத்த கண்காட்சிக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி ஜாடி வேண்டுமென்று கஸ்தோனேயை ஊதவைத்தார் புரொபசர். எல்டா அதில் முதல் ஜாடியை முடித்தாள். புரொபசர் வந்து பார்த்தார். மேஜையில் என்னுடைய ஜாடிகளும் இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டி அதை எடுத்தார். “இதுதான் ஒலிந்தோ” என்றார். “இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் ஒத்திகை.” அதைக் காகிதத்தில் சுற்றித் தன் கையாலேயே எடுத்துப் போனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் போனபின் எல்டா ஏப்ரனின் உள்பையிலிருந்து ஒரு கடற்பஞ்சை எடுத்தாள். நனைந்திருந்தது.

“அப்பா, அது ஈரத்துல செஞ்சது” என்றாள். “முற்றத்துக் குழாயில நனைச்சு நனைச்சு எடுத்துட்டு வந்தேன். ஸான்ஸே போனதுலேர்ந்து அப்படித்தான் செய்றேன்.”

பஞ்சிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

“புரொபசருக்குத் தெரியல, சரி. உனக்கே தெரியலையேப்பா.”

கேலியாகச் சொல்லவில்லை. பாவம் பார்த்துச் சொன்னாள். அதுதான் சுட்டது. கஸ்தோனே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

“நாளைக்கு டப்பா வாங்கி மாட்டுவோம்” என்றாள். இடையிடையே நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேசினாள். “நீ மாட்டலேன்னா நானே உலைக்கூடத்துல போய்ச் சொல்லுவேன். டாக்டர் சொன்னதச் சொல்லுவேன். எனக்கு இருபது வயசுப்பா. எனக்குச் சாக இஷ்டமில்ல.”

நியாயமான பேச்சு. நான் ஒத்துக்கொண்டேன். நாளைக்கு மாட்டுகிறேன் என்றேன். ஆனால் இந்த ஜோடியின் இரண்டாவது ஜாடியை மட்டும் பழைய முறையில் செய் என்றேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது உயர்ந்தது என்று தெரிந்துவிடும். மொமொலோவுக்காக, ஸான்ஸேவுக்காக, இந்த ஒன்று மட்டும். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவள் முன்னால் முழங்காலில் நின்றேன்.

“சத்தியமா நாளைக்கு மாட்டுவியா?”

“சத்தியம்.”

“எழுந்திரு முதல்ல. யாராவது பாத்தா சிரிப்பாங்க.”

அவள் ஜாடியை எடுத்துக்கொண்டாள்.

உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். சக்கரம் ஓடும் சத்தம் கேட்டது. நடுவில் இருமல், பிறகு கதவில் மரக்கட்டைச் செருப்பால் தட்டும் சத்தம். அப்பா என்றாள். தண்ணீர் என்றாள். குடிக்கக் கேட்கிறாளா, பஞ்சை நனைக்கவா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மறுபடி சக்கரச் சத்தம். அவள் முடித்துவிட்டுத்தான் விழுந்தாள். நான் திறந்தபோது ஜாடி ஸ்டூலின்மேல் பத்திரமாக இருந்தது. அதில் ஒரு துளி ரத்தம்கூடப் படவில்லை. அப்படிப்பட்ட வேலைக்காரி.

நேற்று நீங்கள் புரொபசரிடமிருந்து முதல் ஜாடியை வரவழைத்து, இரண்டு ஜாடியையும் என் முன்னால் வைத்து, எது வறண்டது, எது ஈரம் என்று கேட்டீர்கள். இடப்பக்கம் இருந்ததை எடுத்து, இதுதான் வறண்டது, பார்த்தாலே தெரியவில்லையா என்றேன். உங்கள் எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் ஜாடிகளை எடுத்து வைத்துவிட்டீர்கள். இந்த அறையில் வெளிச்சம் சரியில்லை, ஐயா. காலையில், வடக்கு ஜன்னலில் வைத்துக் கேளுங்கள்.

பங்குச்சாமியார் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூப்பிட்டார். போகவில்லை. அவருக்குக் கண்ணாடி தெரியாது.

கதவைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கடல்காற்றில் மரம் ஊறி இறுகிக்கொண்டது என்று முதலாளி சொன்னது என்மேல் உள்ள அன்பினால். உண்மை அது இல்லை. அவள் வாசலைத் தாண்டும்போது ஏப்ரன் பையில் கை விட்டுப் பஞ்சை எடுத்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். மூலையில் இருந்த குடிதண்ணீர்க் கூஜாவை வெளியே எடுத்து வைத்தேன். அவள் ஸ்டூலில் உட்காரும் வரைக்கும் பார்த்தேன். முற்றத்துக் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது, அவளுக்கு ஆசை வந்துவிடக் கூடாது. அவளுக்கு உதவியாகத்தான் கதவைச் சாத்தினேன். சாத்தி, வெளிப்பக்கமாகப் பூட்டினேன்.