கல்லுல இல்லாத மொளகு சூப்பு

மெதுவா அடிப்பா! நீ அடிக்கிற அடியில உள்ள என் பீங்கான் தட்டெல்லாம் கிடுகிடுன்னு ஆடுது. நகரசபைக்காரன் வந்து, "அம்மா, உங்க சுவத்துல ஒரு கல்லு பதிக்கணும்"னான். பதிச்சிக்கோப்பான்னுட்டேன். கல்லுல என்ன எழுதியிருக்குன்னு அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல, என் புத்திய என்ன சொல்ல! எங்க, அத இன்னொரு தடவ படி. சத்தமா படி, தெருவுக்கே கேக்கட்டும்.

"ஜேரட் ஹோல்கோம், நாட்டுக்கு உழைத்த தலைவர், புகையில்லா அடுப்பைக் கண்டுபிடித்தவர், இவ்வீட்டில் காய்ந்த ரொட்டியும் கிணற்று நீருமே உண்டு, எவர் துணையுமின்றித் தம்மைத் தாமே உருவாக்கிக்கொண்டார்."

ஆஹா! பலே! தன்னத்தானே உருவாக்கிக்கிட்டாராம்! அப்ப நான் யாரு? இந்த வாசக்கதவுல தொங்குன பூட்டா?

கிணறாம்ல, கிணறு! இந்த வீட்ட நல்லா சுத்திப் பாரு, எங்கயாச்சும் கிணறு இருக்கான்னு காட்டு. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. தெருமுனைக் குழாயில நான் அடிச்சுத் தூக்கிட்டு வந்த தண்ணி அது. அதையும் அந்த மகராசன் குடிக்க மாட்டான். "ஒரே இரும்பு வாசன, ஆப்பிள் ரசம் இல்லியா?"ன்னுதான் கேப்பான்.

என்ன முழிக்கிற? இவ்வளவு பெரிய மனுஷன இவ அவன் இவன்ங்கிறாளேன்னா? நீ ஊருக்குப் புதுசு போல. நாங்க குவேக்கர் சபைக்காரங்க தம்பி. எங்க ஆளுங்க யாரையும் நீன்னுதான் கூப்புடுவோம். கவர்னரும் நீதான், கசாப்புக்காரனும் நீதான். யாருக்கும் தொப்பியக் கழட்ட மாட்டோம். யாரும் யாருக்கும் மேல இல்ல, அவ்வளவுதான். வாராவாரம் கூட்டத்துல வாயத் தொறக்காம, கம்முனு உக்காந்து கடவுள நெனைக்கணும். நானும் உக்காருவேன். உள்ள எப்படிப் பொங்கும் தெரியுமா! அதான் மிச்ச நாளெல்லாம் இப்படி வழிஞ்சு ஓடுது. நீ வேலையப் பாரு, காது சும்மாதான இருக்கு.

எங்க விட்டேன்? ஆங், காஞ்ச ரொட்டி. பிலடெல்பியாவுலேருந்து வர்ற படகுல வந்து எறங்குனான், கயிறு திரிக்கிற எடத்துலேருந்து ஓடிவந்த பய. ஒரு செருப்பு கால்ல, ஒரு செருப்பு கையில. நனஞ்ச கோழி மாதிரி இந்தப் படியில உக்காந்திருந்தான். என் வீட்டுக்காரர் கேலப் இருந்தாரே, அவரு, "பாவம், ஒரு வேள சோறு போடு"ன்னாரு. ஒரு வேள! அந்த ஒரு வேள ஆறு வருஷம் ஓடுச்சுப்பா.

காலையில சோளக்களியும் வெல்லப்பாகும். மத்தியானம் குடல் போட்ட மொளகு சூப்பு. அந்த சூப்ப அவன் குடிக்கிற அழகப் பாக்கணுமே! கிண்ணத்த நக்கி வச்சான்னா அத மறுபடி கழுவ வேண்டியதே இல்ல. ஆத்துல மீன் ஏறுற காலத்துல முள்ளெடுத்துக் குடுக்கணும் தொரைக்கு. நாட்டுக்கு உழைத்த தலைவருக்கு மீன்ல முள்ளு எடுக்கத் தெரியாதுப்பா! பாரிசுக்குத் தூது போனாரே, அங்க யாரு முள்ளெடுத்தாங்களோ, யாரு கண்டா.

அடுப்பக் கண்டுபிடிச்சாராம். எதுக்குக் கண்டுபிடிச்சான்னு ஊருக்குத் தெரியுமா? என் அடுப்படியில ஒரே பொகை. கண்ணு எரியுது, கண்ணு எரியுதுன்னு நான் விடிஞ்சதுலேருந்து பொலம்புவேன். நான் அதிகமா எல்லாம் பேசமாட்டேன், ஏதோ மனசுல உள்ளத நாலு வார்த்த. ஒருநாள் அவன் புஸ்தகத்தத் தூக்கி வீசிட்டு, "உன் வாய மூடுறதுக்காச்சும் இந்தப் பொகைய ஒழிச்சுக் கட்டுறேன்"னான். மொத அடுப்பு என்ன ஆச்சு தெரியுமா? பொகை மேல போறதுக்குப் பதிலா என் படுக்கையறைக்குப் போச்சு! தீப்புடிச்சிருச்சுன்னு தெருவே தோல் வாளியத் தூக்கிட்டு ஓடிவந்து என் மெத்த மேல தண்ணி ஊத்துச்சு. ரெண்டாவது அடுப்பும் அப்படித்தான். அப்புறம் ஒண்ணு சரியா வந்துச்சு. வந்ததும் இரும்புல தன் பேரப் பொறிச்சு ஊர் ஊரா வித்தான். பேரப் பொறிக்கிறதுல அவனுக்குக் கை நல்லா வரும்.

இது பரவாயில்ல. அந்தப் பஞ்சாங்கக் கூத்தக் கேளு. வருஷாவருஷம் பஞ்சாங்கம் அச்சடிச்சான்ல, பக்கத்துக்குப் பக்கம் பொன்மொழி போட்டு? "வெயில் ஏறி எழுந்தவனுக்கு அடிப்பிடிச்ச களி." பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மனப்பாடம் பண்ணுதுங்க. போன மாசம் வாத்தியார் வந்து என்கிட்டயே, "அம்மா, ஹோல்கோம் என்ன சொல்லிருக்காருன்னா"ன்னு ஆரம்பிக்கிறாரு. ஏன்யா, அது நான் அவனத் திட்டுன திட்டுய்யா! கரண்டியால பானையத் தட்டி, "எந்திரிடா சோம்பேறி, வெயில் ஏறி எழுந்தா அடிப்பிடிச்ச களிதான்"னு நான் தெனம் கத்துனது! இவன் போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு அத மனசுல எழுதிக்கிட்டு இருந்திருக்கான் பாரு.

சிரிக்காத. சிரிச்சா உளி கோணும்.

எனக்கு வயித்தெரிச்சல் எதுல தெரியுமா? மஞ்சக்காச்சல் வந்துச்சு ஒரு கோடையில. தெருவே வண்டி கட்டிக்கிட்டு ஓடிருச்சு. இவன் மாடியில கெடந்து பெனாத்துறான். நான் போகல. ராப்பகலா வினிகர்த் துணியப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். எனக்குன்னு ஒரு குழந்தை தங்கல தம்பி. செத்துறாதடா, செத்துறாதடான்னு அவன் கையப் புடிச்சு அழுதேன். பொழச்சான். நாட்டுக்கே சட்டம் எழுதுற எடத்துக்குப் போனான். சந்தோஷம்தான், இல்லேங்கல. ஆனா எவர் துணையுமின்றின்னு கல்லுல வெட்டி, அத என் சுவத்துலயே அடிக்கிறீங்க பாரு, அதான் தாங்கல. இந்த ஊர்ல எனக்குப் பின்னால ஒருத்தருக்குத் தெரியுமா, இப்படி ஒருத்தி இருந்தா, அவனுக்கு சோறு போட்டான்னு?

என்ன? என்ன சொன்ன?

கீழ ஒரு வரிக்கு எடம் இருக்கா?

வெட்டுவியா? நகரசபையில கேக்க மாட்டாங்களா? ஓ... என் பேரா.

வேணாம்பா.

வேணாங்கிறேன்ல! உளிய எடு மொதல்ல. எங்க ஆளுங்க இதெல்லாம் செய்யக் கூடாது. நாங்க கல்லறைக்கே பேர் போட மாட்டோம், தெரியுமா? கேலப்பப் பொதச்ச எடத்துல வெறும் புல்லுதான். பக்கத்துல ஒரு ஆப்பிள் மரம் இருக்கறதாலதான் நான் கண்டுபுடிச்சுப் போறேன். படம் வரைஞ்சுக்க மாட்டோம், பட்டு உடுத்த மாட்டோம். இதுல நான் மட்டும் வாசல்லயே கல்லுல பேர் போட்டுக்கிட்டா, கூட்டத்துல ஒருத்தி ஒண்ணும் பேச மாட்டா. சும்மா திரும்பிப் பாப்பா. அது போதும், செத்துருவேன்.

ஜேரட்டும் இப்படித்தான் கேட்டான். இதே வாசல்லதான். தன் வாழ்க்கையப் புஸ்தகமா எழுதி, அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னால நேரா இங்க வந்தான். தலையெல்லாம் நரைச்சுப் போயிருந்துச்சு. சாப்பாட்டு மேசையில உக்காந்து என்னப் பத்தி எழுதுனத எல்லாம் படிச்சுக் காட்டுனான். சூப்பு, கேலப்பு, பானையத் தட்டுனது, மஞ்சக்காச்சல்... எல்லாம் இருந்துச்சுப்பா. என் பேரு மொத வரியிலயே இருந்துச்சு.

அடிச்சுருன்னேன். ஒரு வரி இருக்கக் கூடாதுன்னேன். எங்க பழக்கம் அவனுக்குத் தெரியாதா? சரின்னுட்டான். என் கண்ணு முன்னாலயே பேனாவ மையில தொட்டு ஒவ்வொரு வரியா அடிச்சான். "இவ்வளவு எடம் காலியாப் போச்சே, என்னத்தப் போட்டு ரொப்புறது?"ன்னு கேட்டான். எதையாச்சும் போடு, காஞ்ச ரொட்டின்னு போடுன்னேன்.

அப்புறம் ரெண்டு கிண்ணம் மொளகு சூப்பு குடிச்சுட்டுப் போனான். அதுக்கப்புறம் அவன நான் பாக்கல.

என்ன, சாமான மூட்ட கட்டுற? முடிஞ்சிருச்சா? அந்த வரிக்கு எடம் அப்படியே மொட்டையாவா கெடக்கும்? பாக்க நல்லாவா இருக்கு... சரி, போறியா. போ, படகு போயிரும்.

தம்பி! தம்பி, நில்லு, அந்த எடத்துல...

போயிட்டான். தலையத் திருப்பக்கூட இல்ல. அவனும் சரி, இவனும் சரி, வேணாம்னா உடனே சரின்னுட்டானுங்க. இன்னொரு தடவ கேட்டா என்னவாம்?