ஒரே நாளில் இரண்டும் நடந்தால்

வியாபாரி: …கையெழுத்துப் போட மாட்டேன். நீ சாயங்காலம் வரைக்கும் கெஞ்சினாலும் மாட்டேன்.

கட்டடக்காரி: அஞ்சு மணி வரைக்கும் போதும் ஐயா. அஞ்சுக்குத்தான் மேலிடத்துக் கூட்டம். உங்க கையெழுத்து இல்லைன்னா ரெண்டு வருஷமா நான் செஞ்ச புது சிஸ்டத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுருவாங்க.

வியாபாரி: போடட்டும். குப்பைத்தொட்டி வேற எதுக்கு இருக்கு?

கட்டடக்காரி: இப்படிப் பேசுறதாலதான் உங்களைப் பார்த்தா எல்லாரும் லிஃப்டை விட்டுட்டுப் படியில ஓடுறாங்க.

வியாபாரி: ஓடட்டும், உடம்புக்கு நல்லது. இங்க பாரு கட்டடக்காரி—

கட்டடக்காரி: என் பேரு அது இல்லை.

வியாபாரி: கழுத்துல தொங்குற அட்டையில ஆர்கிடெக்ட்னு போட்டிருக்கு. ஆர்கிடெக்ட்னா கட்டடம் கட்டுறவங்க. நான் எட்டாங்கிளாஸ், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ரெண்டு வருஷமா சுவர் முழுக்கக் கட்டம் கட்டமா வரையுற. ஒரு செங்கல்லைக் கண்ணால பார்க்கலை.

கட்டடக்காரி: சரி, கட்டடக்காரியாவே இருந்துட்டுப் போறேன். காலையில இருந்து மூணு தடவை ஆள் அனுப்பினேன், இப்பத்தான் வந்தீங்க. எதை நம்பலை, அதைச் சொல்லுங்க.

வியாபாரி: கம்ப்யூட்டரை நம்பலை. அதை எழுதுறவங்களை அதைவிட நம்பலை. முப்பத்தெட்டு வருஷமா ஒப்பந்தம் விக்கிறேன். நாளைக்கு விலை இப்படிப் போனா நான் தர்றேன், அப்படிப் போனா நீ தா… அதுதான் என் சரக்கு. ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு தினுசாக் கேப்பான். பழைய சிஸ்டத்துல புது தினுசு ஒண்ணு சேர்க்கணும்னா மூணு மாசம். அதுக்குள்ள கேட்டவன் வேற கடைக்குப் போயிடுறான். போன தடவை வட்டி ஒப்பந்தம் ஒண்ணு சேர்த்தாங்க… சம்பந்தமே இல்லாம எண்ணெய்க் கணக்கு படுத்துருச்சு!

கட்டடக்காரி: அதுல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு ஆணியைப் பிடுங்கினா கூரை இறங்கும். என்னோடதுல ஒப்பந்தம்னு தனியா எதுவுமே கிடையாது.

வியாபாரி: ஒப்பந்தம் இல்லாத ஒப்பந்த சிஸ்டமா? நல்லா இருக்கு. இதுக்குச் சம்பளம் வேற.

கட்டடக்காரி: முழுசாக் கேளுங்க. துண்டுங்கதான் இருக்கு. நாலே வகை. 'இதைக் கவனி.' 'இந்த நாள் வரைக்கும்.' 'இது நடந்தா.' 'இவ்வளவு கொடு.' எந்தத் தினுசு வந்தாலும் இந்த நாலையும் கோத்துக் கோத்துச் செஞ்சுக்கலாம். உள்ளே ஒரு வரி மாத்த வேண்டாம்.

வியாபாரி: விலை?

கட்டடக்காரி: வெளியில இருந்து வரும். எந்த லைன்ல வருதுன்னே ஒப்பந்தத்துக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வியாபாரி: அப்போ நான் இந்த வயரைப் பிடுங்கினா…

கட்டடக்காரி: ஐயா, அது—

வியாபாரி: பிடுங்கிட்டேன்.

கட்டடக்காரி: …அது மேசை ஃபேன்.

வியாபாரி: அதான் புழுங்குதா. விலை வர்றது எது?

கட்டடக்காரி: நீலம். பயப்படாம இழுங்க… பார்த்தீங்களா? அதே விலையை ரெண்டாவது லைன்ல எடுத்துக்கிச்சு. ஒரு கணக்குகூட நிக்கலை.

வியாபாரி: ம்.

கட்டடக்காரி: 'ம்'னா?

வியாபாரி: 'ம்'னா ம்தான். திட்டலைல்ல, சந்தோஷப்படு.

கட்டடக்காரி: சரி, நீங்களே ஒரு ஒப்பந்தம் சொல்லுங்க. கோணல்மாணலா, பழைய சிஸ்டத்துக்குள்ள தலைகீழா நின்னாலும் நுழையாத மாதிரி. நான் கோக்கிறேன்.

வியாபாரி: …எதை வேணும்னாலும் சொல்லலாமா?

கட்டடக்காரி: எதை வேணும்னாலும்.

வியாபாரி: சும்மா… ஒரு பேச்சுக்குத்தான். ஒரு ஆலைக்காரர்னு வச்சுக்க. செம்புக் கம்பி இழுக்கிறவர். செம்பு விலை ஏறினா அவருக்கு அடி. நம்மகிட்ட வர்றார். கிலோ விலை எண்ணூத்தி நாப்பது ரூபாயைத் தொட்டா நாம அவருக்கு ஒரு பெரிய தொகை தரணும். ஒரே தடவை, மொத்தமா.

கட்டடக்காரி: ம்… அடுத்து?

வியாபாரி: அதுக்கு முன்னாடி எண்ணூறுக்கு இறங்கிட்டா ஒப்பந்தம் செத்துது. அப்புறம் தொள்ளாயிரத்துக்கே ஏறினாலும் சல்லிக்காசு கிடையாது. அதனாலதான் அவருக்கு அவ்வளவு மலிவாக் கொடுத்தேன்… கொடுக்கலாம்.

கட்டடக்காரி: கொடுக்கலாம். தொட்டுச்சா இல்லையான்னு எதை வச்சுப் பார்க்கிறது?

வியாபாரி: தினம் அஞ்சு மணிக்குச் சந்தையில ஒரு தாள் வரும். அன்னைக்கு ஏறின உச்சம், இறங்கின அடி. ரெண்டே எண். அதை வச்சுத்தான். மூணு மாசம் வரைக்கும்.

கட்டடக்காரி: கோத்தாச்சு.

வியாபாரி: என்னது, அதுக்குள்ளயா? நான் மூக்கைச் சிந்தி முடிக்கலை!

கட்டடக்காரி: இருங்க, இன்னும் ஏத்துக்கலை. ஏதோ கேக்குது.

வியாபாரி: மெஷின் கேக்குதா? அதுக்கு என்ன வேணுமாம்?

கட்டடக்காரி: நீங்களே படிங்க. பெரிய எழுத்துலதான் வச்சிருக்கேன்.

வியாபாரி: கண்ணாடி எங்க… 'ஒரே நாளில் எண்ணூறையும் தொட்டு, எண்ணூற்று நாற்பதையும் தொட்டால்? எது முதலில் என்பது தாளில் இல்லை. பதில் தராமல் ஏற்க இயலாது.'

கட்டடக்காரி: என்ன பதில் போடட்டும் ஐயா?

வியாபாரி: இதை… இந்தக் கேள்வியை நீ எழுதி வச்சியா?

கட்டடக்காரி: இல்லை. அதுக்குச் செம்பும் தெரியாது, ஆலையும் தெரியாது. துண்டையும் துண்டையும் கோக்கிறப்போ நடுவுல ஓட்டை இருந்தா நின்னுரும். விலை எந்த வழியில போனாலும் அங்க ஒரு பதில் இருக்கணும். அதைத்தான் ரெண்டு வருஷமாக் கட்டினேன்.

வியாபாரி: வக்கீல் ரெண்டு பேர் படிச்சாங்க. நான் நாலு தடவை படிச்சேன். ஒருத்தருக்கும் தோணலையே…

கட்டடக்காரி: சும்மா பேச்சுக்குச் சொன்னதையா வக்கீல் படிச்சாங்க?

வியாபாரி: …நிஜம்தான், போதுமா? பழைய சிஸ்டத்துல ஏறலை. மூணு மாசம் கேட்டாங்க. ஆலைக்காரரை விட மனசில்லை. வித்துட்டு, என் நோட்டுல கையால கணக்கு வச்சிருக்கேன். மேலிடத்துக்குத் தெரிஞ்சா என் நாற்காலியே இருக்காது. செம்பு இப்போ என்ன விலை?

கட்டடக்காரி: எண்ணூத்தி முப்பத்தாறு. காலையில எழுநூத்தித் தொண்ணூத்தெட்டு வரைக்கும் இறங்கிட்டு ஏறுது.

வியாபாரி: மணி?

கட்டடக்காரி: மூணேகால்.

வியாபாரி: அந்த போனை இப்படிக் கொடு.

கட்டடக்காரி: நாப்பதைத் தொடாமலே போகலாமே. தொட்டாலும், காலையிலேயே செத்துப்போச்சுன்னு நீங்க சொல்லலாம்.

வியாபாரி: நான் சொல்வேன். அவர் இல்லைம்பார். தாள்ல இருக்காது. அப்புறம் ஆறு வருஷம் கோர்ட்டு வாசல்ல நிக்கணும். தொடுறதுக்கு முன்னாடி பேசினாப் பேச்சு, தொட்டப்புறம் பேசினாச் சண்டை. …ஹலோ, ஆலைக்காரரா? நான்தான். …இருக்கேன், இன்னும் சாகலை. நம்ம செம்பு ஒப்பந்தத்துல ஒரு ஓட்டை. என் தப்பு. …ஆமா, நானேதான் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க, இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். ஒரே நாள்ல ரெண்டையும் தொட்டா என்னன்னு எழுதாம விட்டுட்டோம். …இன்னைக்கேதான். …முழுசாக் கேக்காதீங்க, அப்புறம் நான் ஒண்ணும் இல்லைம்பேன். பாதித் தொகை தர்றேன். …யோசிங்க. ஆனா செம்பு யோசிக்காது. …சரி. எழுத்துல அனுப்புங்க. இப்பவே.

கட்டடக்காரி: வந்துருச்சு. 'சம்மதம். பாதி.'

வியாபாரி: போடு. எத்தனை நாள் ஆகும்?

கட்டடக்காரி: போட்டாச்சு. ஏத்துக்கிச்சு.

வியாபாரி: எண்ணெய்?

கட்டடக்காரி: எண்ணெய்க்கு ஒண்ணும் ஆகலை. வட்டிக்கும் ஆகலை. …ஐயா.

வியாபாரி: என்ன?

கட்டடக்காரி: எண்ணூத்தி நாப்பத்தொண்ணு. தண்ணி குடிங்க.

வியாபாரி: முதல்ல அந்த ஃபேனை மாட்டு. …முப்பத்தெட்டு வருஷத்துல எத்தனையோ மெஷின் வந்துச்சு. எதைக் கேட்டாலும் ஒரு எண்ணைத் துப்பும். சரியா தப்பான்னு அதுக்கே தெரியாது. எனக்குத் தெரியலை, நீ சொல்லுன்னு காலை ஊணி நிக்கிறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். கட்டடம்தான் கட்டியிருக்க நீ. பேனா கொடு.

கட்டடக்காரி: இந்தாங்க. கீழே, வலது பக்கம்.

வியாபாரி: அஞ்சு மணிக்கு நானும் வர்றேன். நோட்டு விஷயத்தை நானே சொல்லிடுறேன். நாற்காலி போனாப் போகட்டும், உன் கட்டடத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லிட்டுத்தான் எழுந்திருப்பேன். …ஒண்ணு கேக்குறேன், மழுப்பாமச் சொல்லு. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே உனக்கு எல்லாம் தெரியும்ல?

கட்டடக்காரி: காலையிலேயே தெரியும். பழைய சிஸ்டத்துல நானூத்திப் பன்னெண்டு ஒப்பந்தம், வக்கீல் அறையில நானூத்திப் பதிமூணு ஒப்பந்தத் தாள். மிச்சமிருந்த ஒண்ணை என் சிஸ்டத்துல ஏத்தினேன். இதே கேள்வியைக் கேட்டு நின்னுச்சு. அடியில உங்க கையெழுத்து. அதை அப்படியே மேலிடத்துல காட்டியிருந்தா… இந்தக் கையெழுத்து எனக்குத் தேவையே பட்டிருக்காது ஐயா.